பிள்ளை கூட வராத பால்

எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் போத்தலில் திகதி இருக்கும். மல்லித்தூள் போத்தலில் திகதியோடு நேரமும் இருக்கும். உப்புக்கு எதற்கடி திகதி என்று நான் கேட்டிருக்கிறேன். "பழகிப்போச்சு அண்ணி" என்பாள் சிந்துஜா. என் தம்பி கிருஷாந்தனின் மனைவி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்று எங்கெங்கிருந்தோ போத்தலில் வரும். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, திகதி போட்டு, பரிசோதித்து முடிவு சொல்ல வேண்டும். மேலே எதையாவது எழுதாமல் ஒரு போத்தலை மூடி வைக்க அவளால் முடியாது. சிரிப்பதற்கு எங்களுக்கு ஒரு விஷயமாக இருந்ததே தவிர, அந்தப் பழக்கம் அவளை அந்நிய ஊரில் கொண்டுபோய் மாட்டிவிடும் என்று யார் நினைத்தது?

நான் கஜலட்சுமி. கண்டி கொழும்பு வீதியில் அப்பா வைத்துவிட்டுப் போன பித்தளைச் சாமான் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களின் மகளைக் கட்டப்போகிறேன் என்று தம்பி வந்து நின்றபோது அந்த வாய்க்கு நல்ல வேலை கிடைத்தது. கண்டி டவுனில் கடை வைத்திருக்கிறோம் என்ற மிதப்பு எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் உண்டு. சிந்துஜா வந்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன், அவள் பிடிகொடுக்கவில்லை. நான் கத்தினால் கடைசிவரை நின்று கேட்பாள். கத்தி முடித்ததும், "சரி அண்ணி, இப்ப என்ன செய்யணும்?" என்பாள். அப்படி ஒருத்தியோடு எவ்வளவு நாள்தான் சண்டை போடுவது? எனக்கே அலுத்துவிட்டது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வத்தேகமவுக்கும் அங்கிருந்து கண்டிக்கும் பஸ் பிடித்துப் படித்தவள். தற்காலிக வேலைதான் கிடைத்தது, அதை நிரந்தரமாக்க வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அதற்கு நடுவில் அக்ஷிதா பிறந்தாள். எங்கள் கட்டுக்கலை வீட்டில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை. பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குப் போன கையோடு, ஆய்வுகூடத்துக்குப் புது இயந்திரம் வந்தது. அதை இயக்கப் பழக ஒருவர் இந்தியாவுக்குப் போக வேண்டும், ஐந்து நாள். போகிறவருக்குத்தான் அந்த வேலை நிரந்தரம்.

"போகாத" என்றேன் நான். "போயிட்டு வா" என்றான் தம்பி. அவள் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் பால் எடுக்கும் பம்ப் ஒன்று வாங்கி வந்தாள்.

பால்தான் சிக்கல். அக்ஷிதாவுக்குப் பால்மா ஆகாது. ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனி டின் உண்டாம். கண்டியில் ஒரு மருந்துக்கடையிலும் அது இல்லை. கொழும்பில் சொல்லிவைத்தால் வரும், வரலாம், வராமலும் இருக்கலாம்.

ஆக, சிந்துஜா ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் எடுத்து, பைகளில் அடைத்து, வழக்கம்போல் எல்லாவற்றிலும் எழுதி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைத்தாள். கோழிக்கும் ஐஸ்கிரீமுக்கும் அங்கே இடமில்லாமல் போயிற்று.

இதில் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எடுத்த பாலைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகத் தெரியும். கால் மிதிபடக் கூடாது, குப்பையில் விழக் கூடாது. செடிக்கு ஊற்றலாம், ஓடுகிற தண்ணீரில் விடலாம். குப்பையில் போட்டால் மாரில் பால் வற்றிவிடும் என்பார்கள். சிந்துஜா ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், இதையெல்லாம் நம்பமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் மிஞ்சின பாலை ஒரு சொட்டு விடாமல் பின்வாசல் செவ்வரத்தைச் செடிக்குத்தான் கொண்டுபோய் ஊற்றுவாள். "நம்புறியா?" என்று கேட்டேன். "நம்புறேனோ இல்லையோ, எதுக்கு அண்ணி வம்பு?" என்றாள்.

அவள் போன நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போய்விட்டது. இரவு முழுக்க இல்லை, மறுநாள் பகலும் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் கட்டிக்காத்துப் பார்த்தேன். கடைசியில் திறந்தபோது பைகள் எல்லாம் இளகிக் கிடந்தன. போனில் அவளிடம் சொன்னேன்.

"உருகினதத் திரும்ப உறைய வைக்கக் கூடாது அண்ணி. இன்னிக்குக் குடுக்குறதக் குடுங்க. ஒரே ஒரு பைய மட்டும் ஐஸ்ல வைங்க, நாளைக்குக் காலையில குடுக்கலாம். மிச்சத்த..."

"தெரியும். செவ்வரத்தைக்கு."

"ஆமா. பரவாயில்ல. நாளைக்கு மத்தியானம் தாண்டுனதும் நான் வந்துருவேன். இங்க எடுத்த பாலும் கையில இருக்கு."

ஒரு மாதப் பாலைச் செடிக்கடியில் ஊற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மின்சாரத்தைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன், அந்தப் புது இயந்திரத்தையும் சேர்த்துத் திட்டினேன்.

அடுத்த நாள் விடிவதற்குள் தம்பி வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட்டான். கடையைத் திறக்காமல் நான் பிள்ளையோடு இருந்தேன். கடைசிப் பையை இளஞ்சூட்டில் வைத்துக் காலையில் கொடுத்தேன். பிள்ளை முழுவதையும் குடித்துவிட்டுச் சிரித்தது. இனி அம்மா வரும்வரை வேறெதுவும் இல்லை என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிள்ளை ஒரு தூக்கம் தூங்கி எழுந்து சிணுங்கத் தொடங்கிய நேரம் போன் வந்தது. விமானத்தில் ஏறிவிட்டேன் என்று சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணி, பால விடமாட்டேங்கிறாங்க."

"யாரு?"

"செக் பண்ற எடத்துல. நூறு மில்லிக்கு மேல தண்ணி மாதிரி எதுவும் கையில கொண்டுபோகக் கூடாதாம்."

"புள்ளப் பாலுன்னு சொன்னியா?"

"சொன்னேன். புள்ள எங்கன்னு கேக்குறாங்க."

அங்கே என்ன நடந்தது என்பதை அவள் பிறகு சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். பெட்டி போடும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சிந்துஜா முதலிலேயே கேட்டிருக்கிறாள். குழந்தைப் பால் என்றால் கையில் கொண்டுபோகலாம், பெட்டியில் போட்டால் சூட்டில் கெட்டுவிடும் என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள். அதை நம்பி ஐஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சோதனை மேசைக்குப் போனால், அங்கே இருந்தவர் வேறு சட்டம் சொன்னார். குழந்தை கூடப் பயணம் செய்தால்தான் குழந்தைப் பால். குழந்தை இல்லாவிட்டால் அது வெறும் திரவம்.

இந்தச் சட்டத்தை எழுதினவர் யாராக இருந்தாலும் ஒருநாள் என் கடைக்கு வரட்டும், கேட்கிறேன். பிள்ளை கூட இருந்தால் பாலைப் போத்தலில் எடுத்து ஐஸில் வைக்க வேண்டிய தேவை என்ன? பிள்ளையைவிட்டு வந்தவளுக்குத்தானே போத்தல் தேவை?

சட்டம் அப்படி என்றால், போத்தல்கள் அதைவிட மோசம். கொண்டுபோன பைகள் முடிந்ததும் சிந்துஜா பயிற்சிக்கூடத்தில் கேட்டுக் கிருமி நீக்கிய புதுப் போத்தல்கள் வாங்கியிருக்கிறாள். பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் போத்தல்கள். அவளுக்கு அதைவிடச் சுத்தமானது உலகத்தில் இல்லை. அதோடு விட்டாளா? ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, இலக்கம், திகதி, நேரம், எத்தனை மில்லி, தன் கையெழுத்து. மேசையில் வரிசையாக எடுத்து வைத்தால் எப்படி இருக்கும்? ஏதோ ஓர் ஆய்வுகூடத்திலிருந்து வெள்ளையாக எதையோ நாட்டுக்கு வெளியே கடத்துகிறவள் போல இருந்திருக்கிறது. கழுத்தில் பயிற்சிக்கூடத்தின் அட்டை வேறு. அளவைக்கூட அவர்கள் பார்க்கத் தேவையில்லை, அவளே எல்லாவற்றிலும் எழுதி வைத்திருந்தாள்.

மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். இது எந்த ஆய்வுக்கு, யார் கொடுத்தது, அனுமதிப் பத்திரம் எங்கே என்று கேள்வி. ஒரு போத்தலைத் திறந்து குடித்துக் காட்டச் சொன்னார்கள். குடித்தாள். அடுத்ததையும் என்றார்கள். அதையும் குடித்தாள். சொந்தப் பாலை நாலு பேர் முன்னால் நின்று குடிக்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் எடுத்திருக்கிறாள். யாரோடு பேசுகிறாய், சத்தமாகப் போடு என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். எனக்கு இங்கிலீஷ் என்றால் கடைக்கு வரும் வெள்ளைக்காரரிடம் குத்துவிளக்கு விற்கும் அளவுக்குத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு கத்தினேன்.

"பேபி ஹியர்! கண்டி! பேபி கிரையிங்! யூ லிசன்!"

போனைப் பிள்ளையின் வாயருகே பிடித்தேன். சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, கறுப்பாக ஏதோ முகத்துக்கு நேரே வந்ததும் வீரிட்டு அழுதது. அழட்டும் என்று விட்டேன்.

பிள்ளையின் அழுகை அந்த மேசையில் கேட்டதும் சிந்துஜாவின் சட்டை நெஞ்சில் நனைந்துவிட்டது. அவளால் தடுக்க முடியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஈரம் பரவியது. துப்பட்டாவை இழுத்து மூடப் போனால், அது தட்டில் மற்றச் சாமான்களோடு கிடந்தது. அங்கிருந்த பெண் காவலர் ஒருத்தி எழுந்து வந்து அவளுக்கும் ஆண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டாளாம். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

அதன்பிறகு இது பால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பால் என்று தெரிந்தாலும் சட்டம் சட்டம்தானாம். மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி கவுன்டர் மூடியாயிற்று, திரும்பிப் போய்ப் பயனில்லை. மேசைக்குப் பக்கத்தில் பெரிய குப்பைத்தொட்டி இருந்தது. தண்ணீர்ப் போத்தல், ஷாம்பு, ஊறுகாய் எல்லாம் அதற்குள் கிடந்தன. இதில் போட்டுவிட்டு ஓடு, இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

"அண்ணி, குப்பையில போடச் சொல்றாங்க."

விசாரித்தபோதெல்லாம் நிமிர்ந்து நின்றவள் இதில் உடைந்துவிட்டாள்.

"வேற எங்கயாவது ஊத்த முடியாதான்னு கேளு. செடி கிடி..."

"கேட்டேன். வெளிய போகணுமாம். போனா திரும்ப வரிசையில நிக்கணும். பிளேன் போயிடும்."

பிள்ளை என் தோளில் கிடந்து கழுத்தைச் சப்பியது. பசி வந்த பிள்ளை கிடைத்த இடத்தைச் சப்பும். என் கழுத்தில் என்ன இருக்கிறது?

"போட்டுட்டு ஓடு" என்றேன்.

"குப்பையிலயா? நீங்களா அண்ணி சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். எது வந்தாலும் என் தலையில வரட்டும். போட்டுட்டு ஓடிவாடி!"

போன் அணையவில்லை. போத்தல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் ஓடும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், ஒலிபெருக்கியில் யாரோ ஹிந்தியில் ஏதோ சொல்லும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல் மிக மரியாதையாக இங்கிலீஷில் பேசியது. "கதவு மூடிவிட்டது" என்ற அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

பாலும் போயிற்று, விமானமும் போயிற்று. அடுத்ததில் இடம் மறுநாள் காலையில்தான்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். வருகை வாசலில் விமான நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், நான் சொன்னதைக் கேட்டு, "இப்ப என்னக்கா செய்றது?" என்றான். அதைத்தானே நான் அவனிடம் கேட்க எடுத்தேன்! அந்தத் தனி டின்னைத் தேடிக்கொண்டு கொழும்புக்குப் போகச் சொன்னேன். கிடைத்தாலும் அவன் கண்டிக்கு வந்து சேர இருட்டிவிடும். கொதித்து ஆறின தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தேன், துப்பியது. சீனித் தண்ணீர் கொடுத்தேன், அதையும் துப்பியது. மத்தியானம் தாண்டியபோது அழுகை மாறியது. கோபமாக அழுத பிள்ளை இப்போது இழுத்து இழுத்து, நடுவில் நிறுத்தி நிறுத்தி அழுதது. அது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று செருப்பைத் தேடினேன்.

அப்போது கீழ் வீட்டு பஸ்லினா படியேறி வந்தாள். எங்கள் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறவள். கணவன் அஸ்ஃபருக்கு மார்க்கெட் பக்கம் செருப்புக்கடை. அவளுக்கும் கைப்பிள்ளை உண்டு, எட்டு மாதப் பையன், மஹ்மூத்.

"அக்கா, என்னண்டு புள்ள இப்பிடி அழுவுது? கீழ எனக்கு இருக்கேலாம இரிக்கி."

சொன்னேன். அவள் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அவள் சட்டையை முட்டியது.

"நான் குடுக்கட்டா?"

எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எவருக்கும் இல்லாத வாய் உள்ள எனக்கு! பெருநாளைக்கு அவள் வட்டிலப்பம் அனுப்புவாள், தைப்பொங்கலுக்கு நான் பொங்கல் அனுப்புவேன். ஒருநாளும் எதையும் யோசித்ததில்லை. ஆனால் பால் வேறு மாதிரி. உடம்புக்குள் போய் உடம்பாகிற விஷயம். யோசித்தேன், உண்மையைச் சொன்னால் யோசிக்கத்தான் செய்தேன். பிள்ளை அவள் மார்பை முட்டிக்கொண்டிருக்கும்போதே யோசித்தேன்.

யோசனை அவளுக்கும் இருந்தது.

"ஒரு விஷயம் அக்கா. எங்கட மார்க்கத்துல, அஞ்சு தரம் வயிறு நெறயக் குடிச்சா எனக்கு இவ பால்குடி மகள். மஹ்மூதுக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி. பொறகு ஆயுசுக்கும் அப்பிடித்தான். அதுனால அவர்ட்டயும் ஒரு வார்த்த கேக்கணும். நீங்க இவட உம்மாட்டக் கேளுங்க."

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். நான் சிந்துஜாவுக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சார்ஜ் தீர்ந்திருக்கும். மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பதில். பஸ்லினா அஸ்ஃபரிடம் பேசி முடித்துவிட்டாள். "குடுக்கச் செல்றார், புள்ளட பசிக்கி என்னத்தக் கேக்கிறண்டு ஏசுறார்" என்றாள். ஆனாலும் தாயிடம் கேட்காமல் மாட்டேன் என்று நின்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறகு ஒருநாள் ஏன் கொடுத்தாய் என்று ஒரு சொல் வந்துவிட்டால்? இரண்டு பெண்கள் ஒரு பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு போனைப் பார்த்தபடி நின்றோம்.

கடைசியில் சிந்துஜாவே போன் எடுத்தாள். எங்கோ ஒரு சுவரில் சார்ஜ் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பேசினாளாம். நான் பஸ்லினா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மார்க்கம், ஐந்து தரம், தங்கச்சி, எல்லாம்.

"குடுக்கச் சொல்லுங்க அண்ணி" என்றாள் உடனே. "எங்கம்மா கொழுந்து எடுக்கப் போறப்ப என்னையப் புள்ளைகளப் பாத்துக்குற புள்ளக்காம்பராவுல போட்டுட்டுத்தான் போவாங்க. அங்க எந்தப் புள்ள அழுதாலும், எந்தம்மா முன்னால வந்தாங்களோ அவங்க தூக்கிக் குடுப்பாங்க. எனக்கு எத்தன பேரு குடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்? குடுக்கச் சொல்லுங்க."

பஸ்லினா கதிரையில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அக்ஷிதா கொஞ்சம் முகத்தைத் திருப்பியது, மணம் வேறு. பிறகு பிடித்துக்கொண்டது. அழுகை நின்ற வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. போனைப் பிள்ளை பக்கம் பிடித்தேன். குடிக்கும் சத்தம் அந்த ஊர்வரை கேட்டிருக்கும். சிந்துஜா அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அவள் மறைக்கவும் இல்லை.

தம்பி கொழும்பில் அலைந்துவிட்டு டின் கிடைக்காமல் மறுபடி கட்டுநாயக்காவுக்கே போய்விட்டான். அன்று பின்னேரமும் இரவும் மறுநாள் காலையும் பஸ்லினாதான் கொடுத்தாள். ஐந்து தரம் எப்போதோ தாண்டிவிட்டது. "இனி இவன் ஒங்கட மகளுக்குச் சீதனம் குடுக்கிற நானா" என்று, அண்ணனாகிவிட்ட மஹ்மூதைக் காட்டிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, கண் உள்ளே போயிருந்தது. இரண்டு பிள்ளைக்கு ஊட்டுவது லேசா? நான் கோழி சூப் வைத்துக் கொடுத்தேன். இறைச்சியை அஸ்ஃபரே வாங்கி வந்து தந்தான்.

மறுநாள் மத்தியானம் வேன் வந்து நின்றது. சிந்துஜா இறங்கி வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அதே சட்டை. ஓடிவந்து பிள்ளையைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைகாலைக் கழுவிவிட்டு வந்து, தூங்கும் பிள்ளையைக் கொஞ்சம் எட்டி நின்று பார்த்தாள். பஸ்லினா அப்போதுதான் கொடுத்துக் கிடத்தியிருந்தாள். பிள்ளையின் வாயோரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"எழுப்பிக் குடேன்" என்றேன். "உன்னயப் பாத்தா சந்தோஷப்படும்."

"வேணாம் அண்ணி."

"ஏன்?"

"நேத்துலயிருந்து ஒரு சொட்டு வரல. ராத்திரி பம்ப் வச்சுப் பாத்தேன், காலையிலயும் பாத்தேன். நெஞ்சு வலிக்குது, கட்டியா இருக்கு, ஆனா வரல. குப்பையில போட்டதுலயிருந்து வரல அண்ணி."

போடச் சொன்னவள் நான். என் தலையில் வரட்டும் என்று சொன்னேன், அது அவள் மாரில் வந்து விழுந்திருக்கிறது. அலைச்சல், தூக்கமில்லை, சாப்பாடில்லை, அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவள் என்னைவிட நன்றாக அறிவாள். அறிந்தும் பயப்படுகிறாள். பிள்ளையை மாரில் வைத்து, அதுவும் உறிஞ்சிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அழுதால் அதற்குமேல் அவளால் தாங்க முடியாது. அதுதான் எட்டி நிற்கிறாள்.

கீழே மஹ்மூத் அழுதுகொண்டிருந்தான். காலையிலிருந்தே அழுகைதான். பஸ்லினாவுக்கு அவன் பங்கும் தீர்ந்துபோயிருந்தது. சோற்றை மசித்துக் கொடுத்தால் தட்டிவிடுகிறான். அவள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வந்தவளைப் பார்க்க மேலே வந்தாள். நாங்கள் இருவரும் நின்ற நிலையைப் பார்த்ததும் என்ன என்று கேட்டாள். நான்தான் சொன்னேன், சிந்துஜாவால் இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை.

பஸ்லினா கொஞ்சமும் யோசிக்கவில்லை. சிந்துஜாவின் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தாள். மஹ்மூதை அவள் மடியில் போட்டாள்.

"இவன வெச்சிப் பாருங்க."

"ஐயோ, வரலன்னா?"

"வரலண்டா அழுவான். இப்ப மட்டும் என்ன, சிரிச்சிக்கிட்டா இரிக்கான்?"

சிந்துஜா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். பெரிய பையன், பல் முளைத்துவிட்டது. அவன் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டான். சிந்துஜா வலியில் பல்லைக் கடித்தாள். அவன் இழுத்தான், விட்டான், கோபத்தில் ஒரு சத்தம் போட்டான், மறுபடி இழுத்தான். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். பஸ்லினா வாய்க்குள் ஏதோ ஓதினாள். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் நானும் கூப்பிட்டேன், வெளியே சத்தம் வராமல்.

பையன் இழுப்பதை நிறுத்திவிட்டான். போயிற்று என்று நினைத்தேன். அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை. பிறகு அவன் அவசரமாக, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

சிந்துஜா கண்ணைத் திறந்தாள்.

"அண்ணி, வருது" என்றாள்.